பட்டையில் பதநீர், பெட்டியில் கருப்பட்டி

பங்குனி மாதக் காலையில் திருச்செந்தூரிலிருந்து உடன்குடி வழியாக மணப்பாட்டுக்குப் போனால், சாலையோர மரத்தடியில் ஒரு டிவிஎஸ் 50 நிற்கும். பின்னால் பிளாஸ்டிக் குடம். பக்கத்தில் பச்சை ஓலைக் கட்டு. "குடிக்கவா, கொண்டுபோகவா?" என்பதுதான் பதநீர்க்காரர் கேட்கும் முதல் கேள்வி. குடிக்க என்றால் ஓலை ஒன்றை உருவி, விரித்துக் குழியாக மடித்து, நுனியைச் சேர்த்து நாரால் ஒரு கட்டுக் கட்டிக் கையில் தருவார். அதற்குப் பட்டை என்று பெயர். குடத்திலிருந்து பதநீரை அதில் ஊற்றி, இரண்டு நுங்கை விரலால் தோண்டிப் போடுவார். மாங்காய்க் காலமாக இருந்தால் அதிலும் இரண்டு கீற்று விழும். இரண்டு கையாலும் பட்டையை ஏந்திக் குடிக்கும்போது பச்சை ஓலை வாசம் முதலில் வரும், இனிப்பு அப்புறம்தான். அதே பதநீரைத் தண்ணீர் பாட்டிலில் வாங்கி, வண்டியில் போகிறபோது குடித்திருக்கிறேன். பாதிதான் இறங்கியது.

மரத்தடியில் நின்று குடிக்கும் அந்த ஒரு பட்டைக்குள் இந்தக் கடற்கரையின் கணக்கு முழுக்க இருக்கிறது. குடிக்கிற பண்டமும் அதை ஏந்துகிற ஏனமும் ஒரே பனைமரத்தில் விளைந்தவை, ஒரே ஆள் ஏறி இறக்கியவை. நாம் பேசும்போது மட்டும் பதநீரையும் கருப்பட்டியையும் பாரம்பரிய உணவு என்று ஒரு பக்கம் வைக்கிறோம், ஓலைப்பெட்டியைக் கைவினைப் பொருள் என்று இன்னொரு பக்கம் வைக்கிறோம். இரண்டுக்கும் தனித்தனிக் கண்காட்சி, தனித்தனித் திட்டம். செம்மணல் தேரிக்காட்டில் போய்ப் பார்த்தால் இரண்டும் பனையேறும் ஒரே மனிதரின் காலில் கட்டிய தளைநாரில்தான் தொங்குகின்றன. அவர் ஏறாவிட்டால் பெட்டியும் இல்லை, கருப்பட்டியும் இல்லை.

முதலில் மண்ணைப் பார்த்துவிடலாம். திருச்செந்தூருக்கும் உடன்குடிக்கும் மேற்கே கிடப்பது குதிரைமொழித் தேரி. செக்கச்செவேலென்ற மணல். ஆனி, ஆடியில் அடிக்கும் மேல்காற்று இந்த மணலை மேடு மேடாக நகர்த்திவிடும். நேற்றுப் பார்த்த ஒற்றையடிப் பாதை இன்று இருக்காது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டுகிற அதே மாதங்களில் இந்தப் பக்கம் வெறும் காற்றும் புழுதியும்தான். மழை என்று வந்தால் ஐப்பசி, கார்த்திகையில் வரும். தேரிக்கு நடுவே அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் பக்கம் ஒரு சுனை இருக்கிறது. அந்தச் சுனைக்கு ஒரு காவல் தெய்வமே வேண்டியிருந்திருக்கிறது என்றால் தண்ணீரின் அருமையை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த மணலில் நெல் பேச்சு எடுபடாது. கட்டுக்கட்டாக வேர்விட்டு, யாரும் தண்ணீர் ஊற்றாமல் நின்று பிழைப்பது பனை. தேரியைத் தாண்டிக் கிழக்கே வந்தால் கடல்.

பனையில் ஆண் வேறு, பெண் வேறு. பாளை விடும்வரை எது எது என்று எவராலும் சொல்ல முடியாது; அதற்குப் பன்னிரண்டு, பதினைந்து வருடமாவது ஆகும். பாளை விட்ட பிறகு அடுத்த கேள்வி வரும்: இதை என்ன செய்வது? ஆண்பனை என்றால் பாளையைச் சீவிப் பதநீர் இறக்கலாம். சீவாமல் விட்டால் பூத்துக் காய்ந்து விழும். அந்தப் பூவும் வீணில்லை. சுட்டுக் கரியாக்கிப் பொடித்துத் துணியில் சுற்றி, பனைமட்டைக் கீற்றுகளுக்கு நடுவே வைத்துக் கட்டிக் கார்த்திகை இரவில் சுழற்றினால் பொறி வட்டமாகப் பறக்கும். அதுதான் மாவலி. பட்டாசு வருவதற்கு முன்னால் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இருந்த மத்தாப்பு.

பெண்பனை என்றால் முடிவு இன்னும் சிக்கல். பாளைப் பருவத்திலேயே சீவினால் பதநீர். காய் பிடிக்க விட்டு இளசாக வெட்டினால் நுங்கு. வெட்டாமல் விட்டால் ஆவணி, புரட்டாசியில் பழம். பழத்தின் கொட்டையை மணலில் புதைத்தால் மார்கழி, தையில் கிழங்கு. ஒரு குலைக்கு இதில் ஒரு வழிதான். நுங்கு தின்றவருக்கு அந்தக் குலையின் கிழங்கு கிடையாது. பதநீர் குடித்தவருக்கு நுங்கும் கிடையாது. சித்திரையில் நுங்கு வண்டி நிறைய வந்தால் தையில் கிழங்கு கொஞ்சம் குறையும். அதனால் எந்த மரத்தை எதற்கு விடுவது என்று மாசியிலேயே ஒரு மனக்கணக்கு ஓடும். பருவ உணவு என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். பருவம் அதுவாக வருவது பாதி, இப்படி ஆள் முடிவெடுத்து வருவது பாதி.

சரி, ஏறுகிறவரைப் பார்ப்போம். காலில் தளைநார், இடுப்பில் அரிவாள்பெட்டி, பெட்டிக்குள் பாளை அரிவாள். அடிமரத்தில் முதல் மிதிக்கு முருக்குத்தடி. ஒருவர் முப்பது மரம் சீவுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள், மரம் ஒன்று நாற்பது அடி. காலையும் மாலையும் ஏறினால் ஒரு நாளைக்கு 2,400 அடி. தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி. அதில் பதினொரு முறை ஏறி இறங்குவதற்குச் சமம். படி கிடையாது, பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. மட்டையின் இரண்டு ஓரமும் கருக்கு, வாள் பல் மாதிரி. இதில் லீவும் கிடையாது. பாளையின் நுனியைத் தினமும் மெலிசாகச் சீவினால்தான் ஊறும். விட்டுவிட்டால் சீவிய வாய் காய்ந்து ஊற்று அடைபட்டுவிடும். வீட்டில் கல்யாணமென்றாலும் கருமாதியென்றாலும் பனையேறி அதிகாலையில் ஏறி இறங்கிவிட்டுத்தான் பந்தலுக்கு வருவார்.

பாளையில் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருக்கும். பாளையில் ஊறுவது நல்ல இனிப்பு நீர். அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சர்க்கரை. காற்றில் இருக்கும் ஈஸ்ட்டுக்கு அது விருந்து. சும்மா விட்டால் வெயில் ஏறுவதற்குள் நுரைத்துக் கள்ளாகிவிடும். சுண்ணாம்பின் காரத்தன்மைதான் அதைத் தடுத்து நிறுத்துகிறது. அந்தக் காலத்தில் கடற்கரையில் ஒதுங்கும் சிப்பியைச் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தார்கள். தேரியில் ஊறும் பதநீருக்குள் கடலும் கொஞ்சம் இருந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருப்பதால், கலயத்துக்குள் தடவிய அந்த வெள்ளைப் பூச்சு சட்டத்துக்கும் எல்லைக்கோடாகிவிட்டது. சுண்ணாம்பு இருந்தால் பதநீர், இல்லாவிட்டால் வழக்கு. கொஞ்சம் குறைந்தால் புளிக்கும், கூடினால் நாக்குப் பொத்துப்போகும். இந்த அளவை எந்தக் கரண்டியும் சொல்லாது.

இறக்கிய பதநீரில் தேனீ, எறும்பு, பாளைத் தூள் எல்லாம் மிதக்கும். அதை வடிகட்டவும் மரமே ஒரு வலை தருகிறது. மட்டையின் அடியில் மரத்தைச் சுற்றி வலை மாதிரி பின்னிக் கிடக்கும் பன்னாடை. நல்லதைக் கீழே விட்டுவிட்டுக் குப்பையைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால் அது திட்டும் சொல்லாகிவிட்டது. பாவம், அது செய்த குற்றம் வடிகட்டியதுதான்.

குடித்தது போக மீதியெல்லாம் விடிலிக்குப் போகும். பதநீர் காய்ச்சுகிற ஓலைக்குடிசைக்கு அதுதான் பெயர். ஏறுவது ஆணின் வேலை என்றால் காய்ச்சுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் வேலை. அடுப்பில் எரிவது காய்ந்த ஓலை, மட்டை, அப்புறம் தேரியில் பொறுக்கிய சுள்ளி. வெயில் வெளியே, அனல் உள்ளே. பொங்கி வழியப்போகும் நேரத்தில் இடித்த ஆமணக்கு விதையை ஒரு சிட்டிகை போட்டால் நுரை அடங்கும். காய்ந்து காய்ந்து தேன் பதத்துக்கு வரும்போது அதற்குக் கூப்பனி என்று பெயர். அந்த நேரம் பார்த்துப் பிள்ளைகள் அடுப்பைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். ஆளுக்கு ஒரு துண்டு ஓலையில் கொஞ்சம் வழித்துக் கொடுக்காமல் அடுத்த வேலை நடக்காது. இன்னும் இறுகியதும் கிண்டி, வரிசையாக வைத்திருக்கும் சிரட்டைகளில் ஊற்றுவார்கள். ஆறினால் கருப்பட்டி. சுக்கும் ஏலமும் சேர்த்துச் சின்னதாக வார்த்தால் சில்லுக்கருப்பட்டி. பாகை ஒரு பதத்தில் நிறுத்தி, நூல் கட்டிய பாத்திரத்தில் ஊற்றி வாரக்கணக்கில் அசையாமல் விட்டால் நூலைப் பற்றிக்கொண்டு பனங்கற்கண்டு வளரும்.

ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு முதல் பத்து லிட்டர் பதநீர் வேண்டும். அதற்கு எத்தனை ஏற்றம், எத்தனை விறகு, எத்தனை மணி நேரம் என்று கூட்டிப்பார்த்தால், நாற்பது ஐம்பது ரூபாய்ச் சீனியோடு அதை ஒப்பிடவே முடியாது. அந்த விலை வித்தியாசம்தான் கலப்படத்தின் கதவு. கொதிக்கும் பாகில் ஒரு கிலோ சீனியைக் கொட்டினால் ஒரு கிலோ 'கருப்பட்டி' கூடுகிறது, ஒரு மரம்கூட ஏறாமல். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது நல்ல செய்தி. குறியீடு ஊர்ப் பெயரைக் காப்பாற்றும். சிரட்டைக்குள் என்ன ஊற்றினார்கள் என்பதை, காய்ச்சுகிற வீட்டைத் தெரிந்துவைத்திருக்கிற பழைய வாடிக்கையாளர்தான் கண்டுபிடிக்கிறார். நானும் ஒருமுறை பெரிய கடையொன்றில் பளபளவென்று ஒரே அளவில் அடுக்கியிருந்ததை வாங்கிவந்து, காப்பியில் போட்டு, இது சீனிதான் என்று நாக்கால் உணர்ந்து நொந்தவன்.

நல்ல கருப்பட்டி ஈரத்தை இழுக்கும். ஐப்பசி மழையில் தானாகக் கசிந்து பிசுபிசுக்கும். அதற்குத்தான் ஓலைப்பெட்டி. மூடி போட்ட பெட்டியில் அடுக்கி அடுப்புக்கு மேலே பரணில் வைத்துவிட்டால், ஓலையின் நுண்ணிய இடைவெளி வழியாகக் காற்றும் புகையும் போய்வரும், ஈரம் தங்காது. பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைத்துப் பாருங்கள், பத்து நாளில் அடியில் பாகு நிற்கும். கருப்பட்டிக்கு ஏற்ற ஏனத்தையும் கருப்பட்டி தந்த மரமே தருகிறது. இது அழகுக்காகச் செய்த ஏற்பாடு இல்லை. தேரிக்காட்டில் கைக்கு எட்டிய தூரத்தில் வேறு என்ன இருந்தது?

அழகு அப்புறம் வந்தது. அதைப் பார்க்க மணப்பாட்டுக்குப் போக வேண்டும். கருமேனியாறு கடலில் சேரும் இடத்தில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஒரு மணல் குன்று. அதன் மேல் திருச்சிலுவை ஆலயம். 1540 வாக்கில் புயலில் சிக்கித் தப்பிய போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்றின் பாய்மரத்தில் செய்த சிலுவையை இங்கே நட்டார்கள் என்பது ஊரின் நம்பிக்கை. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை குன்றின் அடியில் இருக்கிறது. இந்த மீனவ ஊர்ப் பெண்கள் ஓலை முடைவதில் பெயர்பெற்றவர்கள். அவர்களுக்கென்று கூட்டுறவுச் சங்கமும் உண்டு. குருத்தோலை ஞாயிறன்று ஓலையில் சிலுவை மடிக்காத வீடு இங்கே இருக்காது. ஓலையை விரலில் பழகுவது பிள்ளைப் பருவத்திலேயே தொடங்கிவிடுகிறது.

முடைவதற்கு எல்லா ஓலையும் ஆகாது. விரிந்து முற்றிய ஓலை வேலிக்கும் கூரைக்கும் அடுப்புக்கும்தான். பெட்டிக்கு வேண்டியது இன்னும் விரியாமல் விசிறியை மூடிவைத்தது மாதிரி நடுவில் நிமிர்ந்து நிற்கும் குருத்து. இறக்கிய குருத்தை விரித்து வெயிலில் உலர்த்துவார்கள். பச்சை போய்த் தந்த நிறம் வரும். ஒவ்வொரு ஓலை இதழையும் பிரித்து, நடுவில் இருக்கும் ஈர்க்கை உருவி எடுத்துவிட்டு, கத்தி முனையால் கீற வேண்டும். வெளிப்பக்கத்துக்குக் கொஞ்சம் அகலம், உள்பக்கத்துக்கு மெலிசு. சாயம் வேண்டுமென்றால் கொதிக்கிற தண்ணீரில் சாயப் பொடியைப் போட்டு முக்கி எடுப்பார்கள். ரோஸ், பச்சை, ஊதா. இந்த மூன்றும் இல்லாத பெட்டியை நான் மணப்பாட்டில் அதிகம் பார்த்ததில்லை.

முடையும்போது பக்கத்தில் ஒரு கும்பாவில் தண்ணீர் இருக்கும். காய்ந்த ஓலை மடிக்கும்போது முறியும், அதிகம் நனைந்தால் பூசணம் பிடிக்கும். விரலை நனைத்து ஓலையைத் தடவித் தடவித்தான் வேலை. கடற்கரைக் காற்று உச்சி வெயிலில் ஓலையை விறைக்கவைத்துவிடும் என்பதால் காலையும் சாயங்காலமும் திண்ணை நிறையும். அடியைச் சதுரமாகத் தொடங்குவார்கள். நான்கு மூலையும் திரும்பி மேலே ஏற ஏறச் சதுரம் கரைந்து வாய் வட்டமாகிவிடும். எந்த இடத்தில் சதுரம் வட்டமானது என்று கூர்ந்து பார்த்தாலும் பிடிபடாது. கேட்டால் சிரிப்பார்கள். கடைசியில் வாயைச் சுற்றி ஈர்க்கை வைத்துக் கட்டி, மீந்த நுனிகளை உள்ளே செருகி, உள்ளங்கையால் ஒரு தட்டு. பெட்டி நிற்கும்.

இந்தப் பெட்டிகளுக்கு ஒரு காலத்தில் வெளியூர் வாடிக்கையாளர் தேவைப்படவில்லை. மீன்காரருக்கு உமல் வேண்டும். மீன் விற்கப் போகிற பெண்ணுக்குத் தலையில் வைக்கக் கடகம். கருவாட்டுக்குப் பெட்டி, அரிசி புடைக்கச் சுளகு, மிட்டாய்க் கடைக்குக் கொட்டான், தொட்டில் பிள்ளைக்குக் கிலுகிலுப்பை. மட்டையின் மேல்தோலை நாராக உரித்து முடைந்த நார்ப்பெட்டி தலைமுறை தாண்டும். பிளாஸ்டிக் கூடையும் தெர்மாகோல் பெட்டியும் வந்த பிறகு கடற்கரையில் உமலைப் பார்ப்பது அரிது. ஊருக்குள் தேவை போனதும் பெட்டி வெளியூர்க்காரருக்காக உருமாறியது: கல்யாணத் தாம்பூலப் பெட்டி, பேனா நிறுத்தும் குவளை, கைப்பை. 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை அரசு தடைசெய்தபோது ஓலைப்பெட்டிக்குத் திடீரென்று கேட்பு கூடியது. கேட்பு கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். குருத்து எங்கிருந்து வரும் என்பதுதான் பிரச்சினை.

குருத்து என்பது மரத்தின் அடுத்த ஓலை. பனை விடுவதே மாதத்துக்கு ஓர் ஓலை என்ற கணக்கில்தான். குருத்தை வெட்ட வெட்ட மரத்தின் கொண்டை மெலியும், பாளை சிறுக்கும், பதநீர் குறையும். விவரம் தெரிந்த பனையேறி ஒரு மரத்தில் ஒன்றை எடுத்துவிட்டு அந்த மரத்தைச் சில மாதம் தொடமாட்டார். மாசியில் மரத்தைச் சீர்செய்து பழைய ஓலை கழிக்கும்போதே எந்த மரம் தாங்கும் என்று பார்த்துவைத்திருப்பார். தினமும் ஏறுகிறவருக்குத்தான் அந்தக் கண் இருக்கும். பதநீர்த் தொழில் படுத்து, ஏறும் ஆள் குறைந்தால், குருத்து இறக்க மட்டும் ஒருவரைக் கூலிக்குப் பிடிக்க வேண்டும். அவர் ஏறிய மரத்திலேயே கிடைத்ததையெல்லாம் வெட்டுவார். கூலியும் கூடும், மரமும் கெடும். திண்ணையில் உட்கார்ந்து பெட்டி முடைகிறவருக்கும் தேரியில் சீவுகிறவருக்கும் பெரும்பாலும் நேரில் பழக்கம்கூட இருக்காது. முன்னவர் கடற்கரை ஊர், பின்னவர் தேரி ஊர். ஆனாலும் பின்னவர் ஏறுவதை நிறுத்திய அன்றைக்கு முன்னவரின் பெட்டி விலை ஏறுகிறது. "ஓலைதானேக்கா, இவ்வளவு விலையா?" என்று பேரம் பேசுகிறவர்களுக்கு அந்த அக்கா இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. விலையைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து அடுத்த இழையை எடுப்பார்.

சித்திரை, வைகாசியில் இந்தக் கரையில் இன்னொரு கணக்கும் ஓடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மணப்பாடு மாதிரியான ஊர்களின் நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை என்றாலும், மொத்தத்தில் மீன் குறைந்து விலை எகிறும் காலம் அது. பனையில் பதநீரும் நுங்கும் உச்சத்தில் இருப்பதும் அதே நாட்களில்தான். கடல் கையை மடக்கும்போது தேரி கையை நீட்டுகிறது. தடைக்காலத்தைக் குறித்தவர்கள் மீன் இனப்பெருக்கத்தைப் பார்த்துத்தான் குறித்தார்கள்; பனையைப் பார்த்தல்ல. ஆனாலும் பொருந்தி வந்திருக்கிறது.

ஆடிக்கு மேல் பாளை வற்றும். ஆவணியில் பழம் விழத் தொடங்கும். இரவில் 'தொப்' என்று சத்தம் கேட்டால் விடிந்ததும் யார் முந்தி எடுப்பது என்று போட்டி. பனம்பழத்தை நெருப்பில் சுட்டு, கருகிய தோலை உரித்து, மஞ்சள் நாரைப் பல்லில் இழுத்துச் சப்ப வேண்டும். வாய், கன்னம், சட்டை எல்லாம் மஞ்சள். வாசனை தெரு முனைவரை போகும். பிடிக்காதவர்களுக்கு அது நாற்றம், எனக்குப் பிடிக்கும். மணப்பாட்டுத் திருச்சிலுவைத் திருவிழாவின் பெருநாள் செப்டம்பர் 14. சரியாகப் பழக்காலம். அடுத்து குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசரா. வேஷம் கட்டிய ஆயிரக்கணக்கானவர்கள் கடற்கரையில் சூரசம்ஹாரம் பார்க்கக் கூடும் அந்தக் கூட்டத்தில், சுண்டலுக்கும் பஜ்ஜிக்கும் நடுவே ஒரு மூலையில் கருப்பட்டி மிட்டாய் சுற்றுகிற கடையைத் தேடிப் பிடிப்பேன். கார்த்திகையில் மறுபடி குருத்தோலைக்கு வேலை. இடித்த பச்சரிசி மாவு, கருப்பட்டி, தேங்காய், ஏலம் பிசைந்து ஓலைக்குள் அடைத்து, ஓலைக் கீற்றாலேயே கட்டி ஆவியில் வைத்தால் ஓலைக் கொழுக்கட்டை. பிரிக்கும்போது மாவின் மேல் ஓலையின் வரி வரியான தடம் பதிந்திருக்கும். அந்தத் தடம் விழுந்த இடம்தான் ருசி.

சப்பிப் போட்ட கொட்டைகளை ஆவணியிலேயே பொடிமணல் மேட்டில் நெருக்கி அடுக்கி மூடியிருப்பார்கள். ஐப்பசி மழை அதற்குத் தண்ணீர். மார்கழி, தையில் தோண்டினால் கிழங்கு. கூடவே வரும் கொட்டையை அரிவாளால் பிளந்தால் உள்ளே பஞ்சு மாதிரி தவுண். அதைத் தின்பதற்காகவே கிழங்கு தோண்டும் இடத்தில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். உப்பும் மஞ்சளும் போட்டு அவித்த கிழங்கை நுனியில் பிடித்து இரண்டாகக் கிழித்து, நடுவில் இருக்கும் குருத்தை உருவிப் போட்டு, கணுக்கணுவாக ஒடித்து நாரை இழுத்துவிட்டுத் தின்ன வேண்டும். அவசரக்காரருக்கு ஏற்ற தின்பண்டம் இல்லை. பல்லுக்கிடையில் நார் மாட்டும். தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் போகிறவர்கள் பன்னீர் இலையில் மடித்த விபூதியோடு கிழங்குக் கட்டையும் வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறுவார்கள்.

இதே கிழங்கு கடலைத் தாண்டி இலங்கைக்குப் போனால் வேறு வழியில் போகிறது. யாழ்ப்பாணத்தில் அதைப் பச்சையாகக் கிழித்து வெயிலில் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். தவுணுக்கு அங்கே பூரான் என்று பெயர். பழத்தின் களியைப் பாயில் ஊற்றி அடுக்கடுக்காகக் காயவைத்துப் பனாட்டு செய்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒடியல் கூழ். ஒடியல் மாவின் கசப்பைத் தண்ணீரில் ஊறவைத்துப் போக்கி, மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை எல்லாம் கொதிக்கும் பானையில் புளியும் செத்தல் மிளகாயும் சேர்த்துக் கரைத்து ஊற்றுவார்கள். முற்றத்தில் பானையைச் சுற்றி உட்கார்ந்து, ஓலையில் கோலிய பிளாவில் குடிப்பார்கள். நம் பட்டையும் அவர்கள் பிளாவும் ஒரே யோசனை. நம் பக்கம் பனை இனிப்போடு நின்றுவிட்டது. மீனையும் பனையையும் ஒரே பானையில் போட நமக்கு ஏன் தோன்றவில்லை என்று அந்தக் கூழைக் குடிக்கும்போதெல்லாம் நினைப்பேன். இலங்கையில் பனை அபிவிருத்திச் சபை தொடங்கியது 1978-இல். தமிழ்நாடு பனையை மாநில மரம் என்று அறிவித்ததும் அதே 1978-இல்தான். அவர்கள் ஒரு வாரியம் வைத்தார்கள், நாம் ஒரு பட்டம் கொடுத்தோம்.

பட்டம் கொடுத்த பிறகும் செங்கல் சூளைக்கு விறகாகப் போன பனைகள் ஏராளம். 2021-இல் தனி வேளாண் பட்ஜெட் வந்தபோதுதான், பனையை வெட்ட வேண்டுமென்றால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றார்கள். 30 மாவட்டங்களில் 76 லட்சம் விதை ஊன்றும் திட்டமும் அதில்தான் வந்தது. இதற்கிடையே குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அதற்கென 2,000 ஏக்கருக்கும் மேல் நிலம் எடுத்திருக்கிறார்கள். தேரியும் பனையும் கடலும் சேருகிற இடம் அது. ராக்கெட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஊருக்கு வரும் புது வேலைகளைப் பற்றிப் பேசும்போது, இருக்கிற பழைய வேலையின் கணக்கையும் யாராவது எடுத்திருக்கலாம்.

பனையேறியின் மகன் ஏறாததற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஒருமுறை கால் வழுக்கினால் இடுப்புக்குக் கீழே போய்விடும். வருடத்தில் ஐந்தாறு மாதம்தான் வேலை. கலயத்தைப் பார்த்ததும் கள்ளோ என்று சந்தேகப்படும் கண்கள் வேறு. ஏறுவதற்கு உதவும் இயந்திரங்கள் வந்திருக்கின்றன. தென்னைக்கு ஓரளவு ஒத்துவருவது பனையின் சொரசொரப்பான, மேலே போகப் போக அளவு மாறும் தண்டுக்கு அவ்வளவாக ஒத்துவரவில்லை. சிலர் தாங்களே காய்ச்சி, தாங்களே பெட்டியில் அடைத்து, நடுவில் ஆளில்லாமல் நேராக விற்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களிடம் வாங்கினால் கருப்பட்டி ஓலைப்பெட்டியிலேயே வரும். பெட்டியின் விலையும் கருப்பட்டியின் விலையும் ஒரே பில்லில் இருக்கும். அந்த ஒரே பில் எனக்குப் பிடித்திருக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு ஒரு விவரம். பதநீருக்கு என்றால் பங்குனி முதல் வைகாசிக்குள், காலை ஒன்பது மணிக்கு முன்னால் போய்விடுங்கள். பத்து மணிப் பதநீர் வேறு ருசி. பெட்டி வாங்கினால் அடியை ஒருமுறை அழுத்திப் பாருங்கள், நெருக்கமாக முடைந்தது உள்வாங்காது. வீட்டுக்கு வந்ததும் வருடத்துக்கு இரண்டு தடவை வெயிலில் காட்டினால் போதும், பூசணம் அண்டாது.

2021-க்குப் பிறகு ஊன்றிய விதைகள் முளைத்துக் கன்றாகியிருக்கும் இடங்களைத் தேரி ஓரத்தில் பார்க்கலாம். இடுப்பளவு உயரம்கூட இல்லை, தண்டு இன்னும் மண்ணுக்கு மேல் வரவில்லை, விசிறி மாதிரி நாலைந்து ஓலை மட்டும் விரிந்து நிற்கிறது. இவை பாளை விட இன்னும் பல வருடம் ஆகும். அதுவரை எது ஆண், எது பெண் என்று தெரியாது. ஆடு கடிக்காமல் இருக்கச் சிலவற்றைச் சுற்றி முள் வைத்திருக்கிறார்கள்.